உச்சிப்பொழுதுவரை தாங்கும் பச்சைக்காய்

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள மல்லாங்கிணறு போன்ற கரிசல் ஊர்களில், வேலைக்குப் போகும் பெண்ணின் மதியச் சாப்பாடு உண்ணப்படுவதற்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு முன்பே சமைத்துக் கட்டப்பட்டுவிடுகிறது. நூற்பாலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ வெடி ஆபீசுக்கோ (இவ்வட்டாரத்தில் தொழிற்சாலைக்குப் பேச்சில் வழங்கும் பெயர் ஆபீஸ் என்பதே) ஆளேற்றிச் செல்லும் வண்டி வெயில் ஏறுவதற்குள் ஊர்முக்கில் வந்து நின்றுவிடும். அதற்குள் வீட்டாருக்கான காலையுணவையும் தனக்கான மதிய உணவையும் ஆக்கி முடிக்க வேண்டியிருப்பதால், விடிவதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்குகிறது. அவ்வாறு கட்டப்படும் தூக்குவாளியில் சோறும் குழம்பும் ஒரு வெஞ்சனமும் இருக்கும். வெஞ்சனம் என்பது பொரியல், துவையல், வத்தல், அப்பளம் என்று சோற்றுக்குத் துணையாகும் அனைத்துக்கும் தென்மாவட்டங்களில் வழங்கும் பொதுப்பெயர். அந்த வெஞ்சனத்தின் இடத்தில் பச்சையாக உண்ணத்தக்க காயோ ஊறவைத்த பருப்போ அவித்த பயறோ அமைவது அருகிவருகிறது என்பதும், அந்த இடத்தைப் பொரித்த அப்பளமும் பொட்டலச் சிப்ஸும் எளிதாகப் பிடித்துக்கொள்கின்றன என்பதும் கவலையோடு எண்ணிப்பார்க்க வேண்டிய செய்திகள்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. காலையில் இட்லியும் சட்னியும், இரவில் மிச்சக் குழம்பும் சோறுமாக நாள் கழியும் வீட்டில், அந்த 400 கிராமின் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது மதிய உணவுதான். 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பயறுகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளைச் சாப்பாட்டில் எலுமிச்சையோ மாங்காயோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து அந்த இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருந்து குடல் உறிஞ்ச உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரின் துவர்ப்பு இதற்கு நேர்மாறாக இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஆகவே ஒரு கைப்பிடி அவித்த கொண்டைக்கடலையும் அதன்மேல் பிழிந்த அரை எலுமிச்சையும், சுவைக்காகச் சேர்ந்த சேர்க்கை என்ற அளவைத் தாண்டி, இரத்தத்தோடு தொடர்புடைய சேர்க்கை ஆகிவிடுகின்றன.

பச்சைக்காயைச் சோற்றோடு சேர்த்து உண்ணும் வழக்கம் கரிசல் நிலத்துக்கு வெளியிலிருந்து வந்து சேர வேண்டிய ஒன்றன்று. கம்பங்கூழில் மோரை ஊற்றிக் கரைத்து, உரித்த சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கடித்துக்கொள்வது உழவு வேலைக்குப் போனவர்களின் அன்றாட உணவாக இருந்தது. முதல்நாள் சோற்றில் நீர் ஊற்றி வைத்துப் புளிக்கவிடும் பழைய சோறு, முன்கூட்டிச் செய்துவைக்கும் உணவுகளில் மிக நுட்பமானது. இரவெல்லாம் அதில் பெருகும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, கெடுக்கும் நுண்ணுயிர்களைத் தலையெடுக்க விடாமல் செய்கின்றன. வேனில் தொடக்கத்தில் வரும் இராமநவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் படைக்கப்படும் கோசுமல்லியோ, ஊறவைத்து வடித்த பாசிப்பருப்பில் வெள்ளரியை அரிந்துபோட்டு, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்துக் கொட்டுவது. தாளிப்பைத் தவிர அதற்கு அடுப்பே வேண்டியதில்லை. மாவட்டத்துக்குள்ளேயே சாத்தூர் என்றால் காராச்சேவுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது வெள்ளரிப்பிஞ்சு. பொருள்களும் பழக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அவை தூக்குவாளிக்குள் ஏன் சேர்வதில்லை என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு வார இதழ்களின் சமையல் பக்கங்கள் தரும் விடை இவ்வூருக்குப் பொருந்துவதில்லை. கண்ணாடிக் குடுவையில் கீரையிலையும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் அடுக்கடுக்காக நிரப்பி, மூன்று நாளுக்குக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லும் சாலட், அலுவலகத்திலும் குளிர்ப்பெட்டி உள்ள, வெளியே இருபது டிகிரி வெப்பம் நிலவும் நாட்டில் உருவான ஏற்பாடு. சித்திரையில் 38, 40 டிகிரி செல்சியசைத் தொடும் விருதுநகர் வெயிலில், தகரக் கூரையின் நிழலிலோ வேப்ப மரத்தடியிலோ வரிசையாகக் காத்திருக்கும் தூக்குவாளியின் கதை வேறு. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பெருகுகின்றன. உடற்சூட்டை ஒட்டிய வெப்பத்தில் அவற்றுள் சில, ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அந்தக் கணக்கில் ஒற்றை உயிரி ஆறு மணி நேரத்தில் பதினெட்டு முறை இரட்டித்து 2,62,144 ஆகிவிடும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதும் இதனால்தான். அந்த அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் இந்நாட்டுத் தொழிலாளர் ஒருவரும் வீட்டுச் சோற்றை உண்ண முடியாது. ஆகவே எட்டு மணி நேரத்தைத் தாங்கக்கூடிய உணவு எது, அதை எப்படித் தாங்கவைப்பது என்பதையே ஆராய வேண்டியிருக்கிறது.

இங்கு முதலில் விலக்கத் தக்கது தேங்காய். சுண்டலிலும் கோசுமல்லியிலும் துருவிப் போடும் தேங்காய் ஈரமும் கொழுப்பும் நிறைந்து, அமிலம் மிகக் குறைந்து இருப்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசிப்போய், உடனிருக்கும் பயறையும் ஊசவைக்கிறது. தேங்காய் விளைவது மாவட்டத்தின் மேற்கெல்லையில், மலையடிவாரத்து இராசபாளையம், வத்திராயிருப்புப் பக்கம். கரிசலில் விளைவது எள்ளும் நிலக்கடலையும். வறுத்துத் தோல்நீக்கி ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலையோ, வறுத்துப் பொடித்த எள்ளோ ஈரமற்றவை ஆதலால் நாள்கணக்கில் கெடாமல் இருந்து, உண்ணும்போது தூவிக்கொண்டால் தேங்காய் தரும் கொழுப்பையும் மணத்தையும் தம் வழியில் தருகின்றன. கொழுப்பு வேண்டாத ஒன்றும் அன்று; கேரட்டிலும் பரங்கியிலும் உள்ள மஞ்சள் நிறமி உடலில் ஏ உயிர்ச்சத்தாக மாறுவதற்குச் சிறிது எண்ணெய் உடனிருக்க வேண்டும். தாளிப்புக்கு விடும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்தது நீர். வெள்ளரியையோ வெங்காயத்தையோ அரிந்து உப்புப் போட்டவுடன், உப்பின் செறிவு காயின் உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடுகிறது. உச்சிப்பொழுதில் திறக்கும்போது காய் துவண்டு, அடியில் உப்புநீர் தேங்கி, பயறு அதில் ஊறிக் கிடப்பதைக் கண்டு மனம் சலித்து அந்த முயற்சியைக் கைவிட்ட வீடுகள் பல இருக்கும். குறை காயினுடையது அன்று. உப்பைச் சேர்த்த வேளையினுடையது. உப்பும் மிளகாய்ப்பொடியும் ஒரு காகித மடிப்பில் தனியே போனால் போதும். எலுமிச்சையும் அப்படியே: பிழிந்து காற்றுப்பட வைத்த சாற்றில் சி உயிர்ச்சத்து மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும், அமிலம் பட்ட கொத்தமல்லி இலை பசுமை இழந்து பழுப்பேறும், முழு எலுமிச்சையாகவோ காலையில் பாதியாக நறுக்கியதாகவோ கொண்டுபோய் அங்கே பிழிந்துகொண்டால் இரண்டு கேடும் இல்லை. நெல்லிக்காய் கிடைக்கும் மாதங்களில் அது இன்னும் மேலானது. எலுமிச்சையினும் பல மடங்கு சி உயிர்ச்சத்து உடையது என்பதோடு, அதன் துவர்ப்புப் பொருள்கள் அந்தச் சத்தை எளிதில் சிதையவிடாமல் காக்கவும் செய்கின்றன.

அவித்த பயறைக் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். இரவில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையையோ தட்டாம்பயறையோ காலையில் அவித்து, சூடு ஆறுமுன் மூடியை அழுத்திவிட்டால், ஆவி மூடியின் உட்புறம் நீராகித் திரும்பப் பயறின்மேலேயே சொட்டும். அந்த வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து பத்து மணிக்குள் பயறு நூல்விடத் தொடங்கும். நீரை ஒட்ட வடித்து, அகன்ற தட்டில் பரப்பி, எண்ணெயில் கடுகும் வற்றல்மிளகாயும் பெருங்காயமும் தாளித்துப் புரட்டி, கைக்கு ஆறிய பிறகே மூட வேண்டும். கடுகும் பெருங்காயமும் மணத்துக்காக மட்டும் சேர்பவை என்று பலர் எண்ணுகின்றனர். தாளிப்பின் சூடு பயறின் மேற்பரப்பு ஈரத்தைப் போக்குவதும் ஒரு பயன். மூடிய டப்பாவை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் சுற்றி நிழலில் வைத்தால், கரிசல் நாட்டின் வறண்ட காற்றில் அந்த ஈரம் விரைந்து ஆவியாகி, ஆவியாகும்போது டப்பாவின் வெப்பத்தையும் கொண்டுபோகும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இவ்வளவு பயன் தராத இந்த எளிய முறை இங்கே நன்றாகவே வேலை செய்யும்.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், இவ்வூருக்கு ஏற்ற சாலட் காலையிலேயே செய்து முடிக்கப்பட்ட பண்டமாக இருக்க முடியாது என்பது விளங்கும். அது இரவில் ஊறுகிறது, விடியலில் வெந்து ஆறுகிறது, உச்சியில்தான் கலக்கப்படுகிறது. காயும் உப்பும் புளிப்பும் கடைசி வரை ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. மாங்காய்க் காலமான பங்குனி, சித்திரை, வைகாசியில் புளிப்புக்கு எலுமிச்சைகூடத் தேவையில்லை. கொத்திப் போட்ட கிளிமூக்கு மாங்காய் பயறோடு சேர்ந்தால் போதும், கடும் வெயில் மாதங்களிலேயே அது மலிவாகக் கிடைப்பதும் ஒரு நற்பேறு. தைக்குப் பிறகு பச்சை மொச்சையும் துவரையும் வரும். அவை அவித்தே உண்ணத் தக்கவை. ஐப்பசி மழைக்குப் பின் காடுகளில் தானே கொடியோடிக் காய்க்கும் அதலைக்காயும், தானே முளைக்கும் தொய்யக்கீரையும் இந்நிலத்தின் செல்வங்களே ஆயினும், அவையும் அடுப்பேறியே வர வேண்டும். கீரையைப் பச்சையாக உண்ணும் வழக்கம் தமிழ்ச் சமையலில் வேரூன்றாததற்கு, மண்ணை ஒட்டி வளரும் இலைகளை எவ்வளவு அலசினாலும் நம்பிவிட முடியாது என்ற அனுபவ அறிவு காரணமாக இருந்திருக்கலாம். அந்த எச்சரிக்கையை மதிப்பதே முறை.

முளைகட்டிய பயறு பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் உடல்நலம் பேசுவோர் அனைவரும் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். முளைக்கும்போது பயறில் சி உயிர்ச்சத்து புதிதாக உண்டாகிறது; இரும்பையும் துத்தநாகத்தையும் பிணித்து வைத்திருக்கும் பைட்டேட் என்னும் பொருள் குறைகிறது. ஆனால் பயறு முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகளுக்கும் உகந்தவை. 2011இல் ஜெர்மனியில் ஒரு புதுவகை ஈ. கோலை நுண்ணுயிர் பரவி ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆராய்ந்து பார்த்தபோது, பச்சையாக உண்ணப்பட்ட முளைவெந்தயம் அதன் காரணமாகக் கண்டறியப்பட்டது. தூய நீரும் குளிர்ப்பெட்டியும் குறைவின்றி உள்ள நாட்டிலேயே அது நேர்ந்தது என்னும்போது, சில நாட்களுக்கு ஒருமுறை குழாயில் வரும் நீரைக் குடத்திலும் தொட்டியிலும் சேமித்து வைத்துப் புழங்கும் ஊர்களில், முளைப்பயறை ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்த பிறகே தூக்குவாளியில் சேர்க்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சி உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அதனால் போகும். எலுமிச்சை அதை ஈடுகட்டிவிடும்.

வெடி ஆபீசில் மதிய உணவுக்கு இன்னுமொரு தடை உண்டு, அது கைகளிலேயே இருக்கிறது. பட்டாசுக்கு வேண்டிய மருந்துக் கலவையில் அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் ஆகியவை முதன்மையானவை. பச்சை ஒளிக்கும் மத்தாப்புக்கும் பயன்பட்ட பேரியம் நைட்ரேட், நீரில் கரைந்து வயிற்றுக்குள் போனால் தசைகளையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும் நஞ்சு. காற்று மாசைக் கருதி உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது, 2023இலும் அதை உறுதிசெய்தது. அலுமினியத் தூளோ நகக்கண்ணிலும் ரேகைகளிலும் வெள்ளிப்பூச்சாகப் படிந்து, வெறுந்தண்ணீரில் போக மறுக்கிறது. பிசைந்து உண்ணும் சோற்றையாவது கரண்டியால் உண்டுவிடலாம். வெள்ளரியை உரிக்கவும் வெங்காயத்தைத் தோல்நீக்கவும் எலுமிச்சை பிழியவும் கை வேண்டும். தீப்பொறி எழுப்பக்கூடிய இரும்புக் கருவிகளுக்கு மருந்து புழங்கும் அறைகளில் இடமில்லாததால் கத்தியை உடன் கொண்டுசெல்வதும் உகந்ததன்று. ஆகையால் காயை அங்கே நறுக்கிக்கொள்ளலாம் என்று நூற்பாலைப் பெண்ணுக்குச் சொல்லும் யோசனை வெடி ஆபீஸ் பெண்ணுக்குப் பயன்படாது. வீட்டிலேயே கழுவித் துடைத்த, முழுதாகக் கடிக்கத்தக்க வெள்ளரிப்பிஞ்சும், தோலுரித்து உலர்ந்த டப்பாவில் போட்ட சின்ன வெங்காயமுமே அவளுக்கு ஏற்றவை. அவற்றையும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கைகழுவிய பிறகே தொடலாம்.

எல்லாவற்றையும்விட அரிய பொருள் நேரம். ஊறவைக்கும் இரவும் அவிக்கும் விடியலும் ஒரே பெண்ணின் உறக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. இந்த மாவட்டம் தமிழ்நாட்டின் பொது உணவு வரலாற்றில் தனி இடம் உடையது. விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956இல், பள்ளிப்பிள்ளைகளின் மதிய உணவு அரசின் பொறுப்பாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னாளில் முட்டையும் அவித்த பயறும் அதில் சேர்ந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளையின் நலனுக்காக வகுக்கப்பட்ட இந்தத் திட்டங்கள் தாயின் விடியற்பொழுதிலிருந்தும் ஒரு வேலையைக் குறைத்திருக்கின்றன. ஆனால் அந்தத் தாயின் மதியச் சாப்பாடு இன்னும் அவளது தனிப் பொறுப்பாகவே நிற்கிறது. பள்ளியில் பிள்ளைக்குக் கிடைக்கும் அவித்த கொண்டைக்கடலை, அவளுடைய தூக்குவாளியில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதற்கு ஒரு வழி வேலையிடத்திலேயே இருக்கிறது. மதியத்தில் பெண்கள் தனித்தனியே உண்பதில்லை. ஒரே வண்டியில் வந்தவர்கள் வட்டமாக அமர்ந்து குழம்பையும் வெஞ்சனத்தையும் மாற்றிக்கொள்வது எல்லா ஆபீசுகளிலும் காணத்தக்கது. ஐந்து பேர் கொண்ட அந்த வட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒருத்தி மட்டும் எல்லாருக்குமான பயறை அவித்துவருவது, மற்றொருத்தி வெள்ளரியும் வெங்காயமும் கொண்டுவருவது, மற்றவர்கள் சோற்றோடு நின்றுவிடுவது என்று முறைவைத்துக்கொண்டால், வாரத்தில் ஓரிரு விடியல்களின் உழைப்பில் ஒவ்வொருத்திக்கும் அன்றாடம் பச்சைக்காய் கிடைத்துவிடும். அரைக்கிலோ கடலை ஊறப்போடுவதற்கும் நூறு கிராம் ஊறப்போடுவதற்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், கூட்டாகச் செய்யும்போது மிச்சமாகும் நேரம் சிறிதன்று.

மற்றதெல்லாம் ஆபீசின் கையில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரைமணி ஓய்வு தர வேண்டும் என்றும், ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கைகால் கழுவப் போதுமான வசதி இருக்க வேண்டும் என்றும், 150 பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் குடிநீரோடு கூடிய உணவறை அமைக்க வேண்டும் என்றும் வகுத்தது. அந்த எண்ணிக்கைக்குக் கீழே நின்றுவிடும் சிறு ஆபீசுகளில் உணவறை என்பது சட்டக் கடமையாக இருக்கவில்லை. நிழல் தேடுவதும் குழாய் தேடுவதும் தொழிலாளியின் பாடாயின. அரைமணி ஓய்வில் பத்து நிமிடம் குழாயடி வரிசையில் கழிந்து, கையில் ஒட்டிய வெள்ளித்தூள் முழுதும் போகாமல் திரும்பும் பெண், பச்சைக்காயை வீட்டிலேயே விட்டு, கரண்டியால் எடுத்துண்ணும் புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் கட்டிவருகிறாள் என்றால், அவள் ஊட்டச்சத்து அறியாதவள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தன் வேலையிடத்து நீரையும் தன் கையையும் சரியாக அளந்தே அவள் அப்படிச் செய்கிறாள். சோப்போடும் ஓடும் நீரோடும் நாலைந்து குழாய்களும், தூக்குவாளிகளை வைக்கக் காற்றோட்டமுள்ள ஒரு நிழற்கொட்டகையும் அமைந்துவிட்ட ஆபீசில், வெள்ளரிப்பிஞ்சைக் கொண்டுவரச் சொல்லி அவளுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியிராது.